அக்கா கன்னத்தில் நின்ற காவல்காரர்கள்

மலை ஏறுகிற பஸ் பெருமாள்மலைக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. காரணம் ஒரு குரங்கு. முன்னால் போன கார்க்காரர் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, பிள்ளைகள் கையில் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்து, குரங்குக்கு நீட்டச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. நானும் கேட்கவில்லை. நான் எங்கேயும் எதையும் கேட்டுப் பழகாத ஆள். உள்ளுக்குள் மட்டும் கொதித்தது. கூடப் பிறந்த அக்காவைப் பார்த்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளைப் பார்க்க ஒரு குரங்கு தின்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வாச்சர், அதாவது காவல்காரன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன். அக்கா முத்தம்மாவைக் கட்டிய வீட்டுக்கு இந்தியக் குடியுரிமை வந்தது, எங்கள் வீட்டுக்கு சிலோன் குடியுரிமை. அவளைக் கப்பலுக்குப் போகிற கோச்சியில், அதாவது ரயிலில், ஏற்றி அனுப்பினோம். அதோடு சரி. மச்சான் இறந்ததைக்கூட போனில்தான் கேட்டேன். அக்கா மகள் செல்வி வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறாள். போன மாதம் அவள் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மாவுக்கு வாயில புண்ணு. ஆறவே மாட்டேங்குது. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அம்மா வர மாட்டேங்குது. நீங்க நேர்ல வந்து சொன்னா கேக்கும்."

வாய்ப்புண்ணுக்கு ஆபரேஷனா என்று எனக்குப் புரியவில்லை. அவளும் அதற்குமேல் சொல்லவில்லை. போனை அக்கா வாங்கி, "வர்றதுன்னா நல்ல யாழ்ப்பாணப் பொகையில கொஞ்சம் கொண்டாடா" என்றாள். கொண்டு வந்தேன். மதுரையில் விமானத்தை விட்டு இறங்கியதும் பையைக் கிளறிய அதிகாரி, மாசிக் கருவாட்டை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். புகையிலைப் பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். கருவாட்டுக்கு முகம் சுளிக்கிறவர்கள் புகையிலைக்குச் சிரிக்கிற உலகம் இது.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மேல்மலைப் பூண்டு விவசாயி. காலுக்கடியில் காலிச் சாக்குகள்.

"ஏங்க, துப்புறப்ப பின்னாடி பாத்துத் துப்புங்க. பின் சீட்டு அம்மா சேலையில படம் வரைஞ்சிட்டீங்க" என்றார்.

நான் வெட்கப்பட்டு, வெற்றிலைச் சாறு வழிந்த வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"பேச்சு ஒரு தினுசா கெடக்கே. கேரளாவா?"

"சிலோன்ங்க."

"சிலோனா? அங்க இம்புட்டு நல்லாவா தமிழ் பேசுவாங்க?"

இந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்ல? எங்கள் பாட்டன் முப்பாட்டன் இந்தச் சீமையிலிருந்து பாஷையைத் தூக்கிக்கொண்டுதானே அங்கே போனார்கள்! பேச்சை மாற்றி அக்கா பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"சிலோன் காலனி முத்தம்மாவா? எங்க பூண்டுச் சோலிக்கு வெள்ளனே வந்துருமே. பொன்னான வேலக்காரி. சோறுகூட கேக்காது. ரெண்டு வெத்தல, ஒரு துண்டு பொகையில குடுத்தா பொழுதுக்கும் தல நிமிராது."

நல்லதாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தோட்டத்திலும் கங்காணிமார் இதைத்தான் செய்தார்கள். மழையில் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குப் பசி தெரியக்கூடாது, குளிர் தெரியக்கூடாது, வீட்டு நினைப்பு வரக்கூடாது. கன்னத்தில் ஒரு உருண்டையை அதக்கிவிட்டால் மூன்றும் முடிந்தது. கடலைத் தாண்டி வந்தும் அதே கூலி முறை.

அக்கா வாசலில் நின்றாள். பெருமாள்மலைக்கு மேலே, ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட வீடுகள். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வரிசை ஓர் இடத்தில் உடைந்து இங்கே வந்து விழுந்த மாதிரி இருந்தது. அதே பனி, அதே ஈர விறகுப் புகை.

"கெழவனாயிட்டியேடா" என்றாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வாய் சரியாகத் திறக்கவில்லை. இடது கன்னம் உள்ளே எதையோ வைத்துத் தைத்தது போல் இறுகி இருந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது.

பால் ஊற்றி, சீனி கொட்டி, தேயிலையைக் கொலை செய்து ஒரு தேத்தண்ணி கொடுத்தாள் செல்வி. மரியாதைக்குக் குடித்தேன். அக்காவுக்கு மாசிச் சம்பல் ஆசை. தேங்காய் துருவி, கொண்டுபோன மாசியை இடித்து, பாதி மிளகாய் மட்டும் போட்டுச் செய்தேன். அக்கா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். வைத்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தட்டைத் தள்ளிவிட்டு, எரிச்சல் அடங்க இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, ஒரு வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் வைத்தாள். நான் கொடுத்த புகையிலையை மோந்து பார்த்து, "இதான்டா வாசம்" என்றாள். அவள் சாப்பிட்டது அன்றைக்கு அரைக் கிண்ணம் கஞ்சி.

மறுநாள் காலை முழுக்க ஆட்கள் வந்தார்கள். காலனிக்கே நாட்டாமை மாதிரி இருக்கிற பெரியசாமி அண்ணன்தான் முதலில் வந்தார். அக்காவோடு ஒரே கப்பலில் வந்தவர், மச்சான் செத்தபோது கொள்ளி வைக்கிறவரைக்கும் கூட நின்றவர். நல்ல மனுஷர். அவர் கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதில் வெற்றிலை, பாக்கு, புகையிலை. அவருக்குப் பின்னால் வந்த பெண்கள் கையிலும் அதே பொட்டலம். சுகமில்லாதவளை வெறுங்கையோடு பார்க்க வரக்கூடாது என்பது எங்கள் சனத்தின் பழக்கம். எங்கள் ஊரிலானால் பாண் ரொட்டி, பிஸ்கட், பழம் கொண்டுபோவோம். இங்கே அக்காவால் எதையும் மெல்ல முடியவில்லை. அதனால் அவள் கன்னத்தில் அதக்கிக்கொள்ள முடிகிற ஒன்றைக் கொண்டுவருகிறார்கள்.

"வேற ஒண்ணும் வாயில எறங்க மாட்டேங்குது. இதாவது எறங்கட்டுமே பாவம்" என்றாள் ஒரு பெண்.

பெரியசாமி அண்ணன் என் தோளில் கை போட்டார். "தம்பி, டாக்டருங்க பேச்சக் கேட்டு கீழ கூட்டிட்டுப் போயிராத. கத்தி பட்டுச்சுன்னா காட்டுத் தீ மாதிரி பரவிரும். நம்ம காலனில பாத்துருக்கோம். அறுத்துட்டு வந்தவ மூணாம் மாசம் போயிட்டா."

நான் தலையாட்டிவிட்டேன்.

அதற்கடுத்த நாள் மேலே நாயுடுபுரம் போக வேண்டியிருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வாரம் ஒருநாள் ஒரு டாக்டரம்மா அங்கே சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கிறார். அக்காவின் கன்னத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர் அவர்தான். "நான் வரல, நீங்க போய்க் கேளுங்க" என்று அக்கா படுத்துக்கொண்டாள். நானும் செல்வியும் போனோம். ஊருக்குள் ஜீப் நகரவில்லை. அன்றும் சுற்றுலாக் கூட்டம். இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும், ஏரியைப் பார்க்கப் போகிறவர்களும் ஒரே ரோட்டில் மாட்டிக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மாவுக்குச் செல்வியைவிட கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, இது புண்ணு இல்ல. கேன்சர். கன்னத்துக் கேன்சர்."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலனிக்கே தெரிந்திருக்கிறது. வாய்ப்புண் என்று எல்லாரும் சேர்ந்து பெயர் வைத்திருக்கிறார்கள். கடல் தாண்டி வந்த எனக்குக்கூட உண்மையைச் சொல்ல ஆளில்லை!

டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். அக்காவின் கன்னத்துத் துண்டைச் சாயம் ஏற்றிப் பெரிதாக்கிய படமாம். ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக ஒன்று. அதன் ஓரமெல்லாம் கடுகு சிதறியது போல் ஊதாப் புள்ளிகள்.

"இந்தத் திட்டுத்தான் கட்டி. சுத்தி நிக்கிற புள்ளியெல்லாம் உங்க அக்காவோட காவல் அணுக்கள். இவ்வளவு கூட்டம் வந்து நிக்கிறது நல்ல அறிகுறி. அவங்க ஒடம்பு இன்னும் விட்டுக் குடுக்கல. சண்ட போடுது."

எனக்கு என்ன தோன்றியதோ, வாய் தானாகத் திறந்தது. "நான் ஒரு வாச்சர்ங்க டாக்டரம்மா. இத்தன பேர் காவலுக்கு நின்னா திருடன் எப்படி உள்ள இருக்கான்?"

அவர் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, வெளியே ஆட்கள் காத்திருந்ததையும் மறந்து சொன்னார். நான் விளங்கிக்கொண்டது இது. அந்தப் புள்ளிகளில் பல ஜாதி. கெட்ட அணுவைத் தேடிக் கொல்கிறவை ஒரு ஜாதி. கட்டி அவற்றுக்கு ஓர் அடையாள அட்டையைக் காட்டுமாம், நான் உங்கள் வீட்டு ஆள்தான் என்று. அட்டையைப் பார்த்ததும் கொல்ல வந்தவை கையை இறக்கிவிடும். நாள் கணக்காகச் சண்டை போட்டுச் சோர்ந்து நிற்கிறவையும் உண்டு. ‘போதும், அடங்கு’ என்று மற்றவற்றைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்கிறவை இன்னொரு ஜாதி.

"இன்னொண்ணு இருக்குங்க ஐயா. காயம் பட்டா ஓடி வந்து சுத்தம் பண்ணி ஆத்துற அணு. பாக்கும் பொகையிலையும் தெனம் கன்னத்த அரிச்சுக்கிட்டே இருக்கு. காயம் ஆறுனாத்தானே அது திரும்பிப் போகும்? ஆறவே விடல. அதனால அது அங்கயே தங்கிருச்சு. காயத்துக்குச் செய்யிற ஒத்தாசையெல்லாம் இப்ப கட்டிக்குச் செய்யுது. புதுசா ரத்தக் கொழாய் போட்டுக் குடுக்குது, வளர வழி பண்ணிக் குடுக்குது. அதுக்குக் கெட்ட எண்ணம் இல்ல. ஒத்தாச பண்ணத்தான் வந்துச்சு."

தூங்குகிற வாச்சரைப் பார்த்திருக்கிறேன். கைநீட்டி வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்ட வாச்சரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் திருடனுக்குச் சோறு பொங்கிப் போட்டு, அதுவும் நல்ல மனசோடு போட்டு, பக்கத்திலேயே நிற்கிற காவலை நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லையா? நேற்றுக் காலை அக்கா வீட்டில் பார்த்தேனே! ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்து நின்றார்களே! நான்கூட ஒரு பொட்டலத்தோடுதானே வந்திருக்கிறேன்!

"அந்த அட்டைய மறைக்கிற ஊசி இருக்காமே மேடம்? போன்ல பாத்தேன்" என்று செல்வி கேட்டாள்.

"இருக்கும்மா. ஆனா எல்லாருக்கும் கேக்காது. இவங்களுக்கு மொதல்ல ஆபரேஷன், அப்புறம் கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்கணும். தேவப்பட்டா அதப் பத்தி யோசிக்கலாம். திங்கக்கிழமைக்கு மதுரை ஆஸ்பத்திரியில எடம் வச்சிருக்கேன். போன தடவையும் வச்சேன், வரல. அப்ப இருந்த கட்டி வேற, இப்ப இருக்குறது வேற."

"கத்தி பட்டா பரவிரும்னு சொல்றாங்களே?" என்றேன்.

"கத்தியால பரவல ஐயா. கத்திக்குப் பயந்து லேட்டா வர்றாங்க. அதுக்குள்ள பரவிருது. பழி மட்டும் கத்திக்கு."

வெளியே வந்தால், ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே பெட்டிக்கடை. வெற்றிலைக் கட்டு, பாக்குப் பொட்டலம், கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருகிற வேறு பாக்கெட்டுகள். வாய் வெந்தவர்கள் போகிற வாசலுக்கு எதிரே! கேட்பாரில்லை. எனக்கு வந்த கோபத்தில் கை தானாக இடுப்புக்குப் போனது. பையை அவிழ்த்து, ஒரு வாய் புகையிலை போட்டுக்கொண்டேன்.

செல்வி என்னையே பார்த்தாள். "மாமா, சீரியஸ்லி?" என்றாள்.

துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஜீப்பில் ஏறினேன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். படத்தைப் பற்றி, புள்ளிகளைப் பற்றி, அவள் உடம்பு சண்டை போடுவதைப் பற்றி. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "எனக்குப் பயமா இருக்குடா. மூஞ்சிய வெட்டிருவாங்களாம்" என்றாள். அப்புறம், "அந்தப் புள்ளிங்க எல்லாம் நெசமா என்னோடதா?" என்று கேட்டாள்.

"ஒன்னோடதுதான்க்கா."

"பாவம். எம்புட்டு நாளா நிக்குதுங்களோ."

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது என்று செல்வி பையைக் கட்டினாள். அக்கா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்துப் பெரியசாமி அண்ணன் வந்தார், பின்னால் காலனியே வந்தது. அவர் கையில் பித்தளைத் தட்டு. அதில் அடுக்கி வைத்த வெற்றிலை, பாக்கு, புகையிலை, ஓரத்தில் திருநீறு.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. பண்ணுங்க. நம்ம கையால ஒரு வாய் வெத்தல போட்டுட்டுப் போகட்டும். திரும்பி வந்து போடுவாளோ, மாட்டாளோ" என்றார். பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். அக்கா முகம் கலங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவள் பாயை விரித்துப் படுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்து போய் நிலைப்படியில் நின்றேன்.

"வேணாம்ண்ணே."

"என்னா வேணாம்?"

"வெத்தல வேணாம். தட்ட உள்ள கொண்டுவராதீங்க."

பெரியசாமி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீட்டுன வெத்தலைய வேணாம்னா ஒறவு வேணாம்னு அர்த்தம். ஒங்க ஊர்ல எப்படியோ, இங்க அப்படித்தான்."

"எங்க ஊர்லயும் அப்படித்தாண்ணே. தெரிஞ்சுதான் சொல்றேன். நீங்க அன்பாத்தான் குடுக்குறீங்க. அந்த அன்பைத் தின்னுதான் கட்டி வளந்து கெடக்கு. வாய் தொறக்க முடியாதவளுக்கு இதையே குடுத்துக் குடுத்து... கேன்சர்னு ஒருத்தர் வாயிலயாவது வந்துச்சா? பரவிரும் பரவிரும்னு சொல்லி அவளை இங்கயே உக்கார வச்சிருக்கீங்களே, அது ஒக்காந்துருக்கா?"

இவ்வளவு நீளமாக நான் என் கல்யாணத்தன்றுகூடப் பேசியதில்லை.

பெரியசாமி அண்ணன் மெதுவாகக் கேட்டார். "எல்லாம் சரி தம்பி. ஒன் இடுப்புல தொங்குதே, அது என்னா? திருநீறா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் முகம் சுட்டது. அந்த மனுஷர் கேட்டது நியாயம். இடுப்புப் பையை அவிழ்த்து அவர் தட்டில் வைத்தேன்.

"இதையும் சேத்து எடுத்துட்டுப் போங்கண்ணே."

உள்ளே பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. அக்கா வெளியே வந்தாள். கையில் நான் கொண்டுவந்த யாழ்ப்பாணப் புகையிலை, மேலே அவளுடைய சுருக்குப் பை. இரண்டையும் தட்டில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் பையின் மேலேயே வைத்திருந்தாள். பிறகு திருநீற்றை மட்டும் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டாள்.

பெரியசாமி அண்ணன் கனத்துப்போன தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அப்ப நான் வெறுங்கையோடயா ஒன்ன வந்து பாக்குறது முத்தம்மா?"

"வெறுங்கையோட வாங்கண்ணே" என்றேன் நான். "பை தூக்க ஆள் வேணும்."

அவர் தட்டைப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை மேல் வைத்துவிட்டு, அக்காவின் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பெருமாள்மலை பஸ் நிறுத்தம்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் வந்ததும், "வெரசா ஏறுங்க" என்று சொன்னவர், தானும் ஏறிவிட்டார். மதுரை வரை வந்தார். வழியெல்லாம் கண்டக்டரோடு சண்டை. சில்லறைக்கு, ஜன்னலுக்கு, பாட்டுச் சத்தத்துக்கு. அவர் கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே.

இறங்கும் வழியில் அக்கா கை அடிக்கடி இடுப்புக்குப் போனது. ஒன்றும் இல்லாமல் திரும்பியது. என் கையும்தான். ஒருமுறை இருவரும் ஒரே சமயத்தில் தடவிப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

திங்கள் காலையில் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். அக்காவுக்குப் பச்சை உடுப்புப் போட்டிருந்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு விரல்தான் நுழைந்தது. "பயமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றாள் அக்கா. "நான் வர்றேன். அதுக்கு முன்னால இவன் வாயப் பாருங்க."

நான் பின்வாங்கினேன். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா."

"எனக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேன்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா டார்ச்சை எடுத்தார். "ஐயா, மூணு வெரல நிமித்தி வாய்க்குள்ள வைங்க. நல்ல வாய்னா மூணும் நொழையும்."

வைத்தேன். மூன்றாவது விரல் பல்லில் இடித்தது. எத்தனையோ வருஷமாக அந்த வாயால் சோறு தின்றிருக்கிறேன். அது சுருங்கிக்கொண்டு வந்ததைக் காவல்காரன் நான் பார்க்கவில்லை. டார்ச் வெளிச்சம் இடது கன்னத்தில் ஓரிடத்தில் நின்றது. நகரவில்லை.

"இங்க வெள்ளையா ஒரு தடம் இருக்கு. பயப்பட வேண்டாம், ஆனா விட்டுறக் கூடாது. ஒரு துண்டு எடுத்துப் பாத்துருவோம். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி."

அக்காவின் படுக்கை வண்டியைத் தள்ள ஆட்கள் வந்தார்கள். பெரியசாமி அண்ணன் சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா போகிறபோது தலையைத் திருப்பி, திறக்கிற அளவுக்கு வாயைத் திறந்து, டாக்டரம்மாவிடம் என்னைக் காட்டினாள்.

"விட்டுறாதீங்கம்மா. வாச்சர் வேல பாக்குறவன். தூங்கிருவான்."